முட்டை எடுத்தபின் வரும் ஐந்து நாள்: எண்ணிக்கையை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்

மதுரையில் ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்துகொள்ளப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பதி ஒருவருக்கு நகரிலுள்ள ஒரு மையத்தில் நடந்தது இது. மனைவிக்கு வயது 31.

பிக்கப் (முட்டையை வெளியே எடுப்பது) முடிந்து மயக்கம் தெளியும்போதே "14 முட்டைம்மா, ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார்கள். மறுநாள் போன் போட்டால் "நல்லா வளருது." மூன்றாம் நாளும் அதே பதில். ஆறாம் நாள் நேரில் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க முட்டை தரமில்ல, ஒண்ணும் தேறல. டோனர் முட்டைக்குப் போயிடலாம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுனா குறைச்சுக்கலாம்" என்றார்கள். கருவை ஃப்ரீஸ் செய்வதற்கென்று முன்னாலேயே வாங்கிய தொகை திரும்பவில்லை. ஃப்ரீஸ் செய்ய ஒரு கருகூட இல்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

விடாமல் எழுத்தில் கேட்டபின் லேப் தாள் கைக்கு வந்தது. 14-ல் முதிர்ந்த முட்டை 5. கருத்தரித்தது 3. மூன்றாம் நாளில் 2. ஐந்தாம், ஆறாம் நாளில் எதுவுமில்லை.

அந்த 5 என்ற எண் பிக்கப் நடந்த அன்று மாலையே லேபுக்குத் தெரியும். இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்துவது) செய்வதானால், முட்டையைச் சுற்றியிருக்கும் செல்களை சில மணி நேரத்தில் நீக்கிவிட்டுத்தான் விந்தணுவைச் செலுத்துவார்கள். நீக்கியதுமே எது முதிர்ந்தது, எது முதிராதது என்று கண்ணில் பட்டுவிடும். முதிராத முட்டைக்கு இக்சி செய்வதில்லை. இக்சி இல்லாத சாதாரண ஐவிஎஃப் என்றால் மட்டும் அது மறுநாள்தான் தெரியும். கருத்தரித்ததா என்று பார்ப்பது 16 முதல் 18 மணி நேரத்தில், அதாவது மறுநாள் காலை. ஆக மறுநாள் மதியத்துக்குள் மூன்று எண்கள் உங்களுக்கு வந்துவிட வேண்டும்: எடுத்தது எத்தனை, முதிர்ந்தது எத்தனை, சரியாகக் கருத்தரித்தது எத்தனை. "நல்லா வளருது" என்பது பதிலே இல்லை.

எண்ணிக்கை குறைவது இயல்புதான், அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பொதுவாக எடுத்ததில் முக்கால்வாசி முதிர்ந்திருக்கும். முதிர்ந்ததில் ஏறக்குறைய 70 சதவீதம் கருத்தரிக்கும். கருத்தரித்ததில் பாதியோ அதற்கும் குறைவோதான் ஐந்தாம், ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்டாக (கருப்பையில் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கரு) வரும்; வயது கூடக்கூட இன்னும் குறையும். 14 முட்டையில் மூன்று நான்கு பிளாஸ்டோசிஸ்ட் வந்தால் அது நல்ல பலன். இதை முட்டை வளர்க்கும் ஊசி தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது மையத்தின் கடமை. சொல்லாமல் 14 என்ற எண்ணை மட்டும் கொடுத்து ஆசையை ஏற்றிவிட்டு, ஆறாம் நாள் அழுதுகொண்டிருப்பவளிடம் அட்வான்ஸ் கேட்பது கொடுமை.

14-ல் 9 முதிராமல் போனால் முட்டையின் தரத்தைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியது, முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் ட்ரிகர் ஊசி போட்ட நேரமும், அன்றைய ஸ்கேன் அளவும். முட்டைப்பைகளில் (முட்டை வளரும் சிறு நீர்ப்பைகள்) முன்னணியில் இருப்பவை 17 மி.மீ. தாண்டியபின் ட்ரிகர் போடுவதுதான் வழக்கம். இந்தப் பெண்ணின் ஸ்கேன் சீட்டில் பெரும்பாலானவை 13, 14 மி.மீ. தான். ஏன் அவசரம்? லேபில் முட்டையையும் கருவையும் கையாளும் எம்ப்ரியாலஜிஸ்ட் அந்த மையத்தில் நிரந்தரமாக இல்லை. வெளியூரிலிருந்து குறிப்பிட்ட தேதியில் வருகிறவர். பல பெண்களை ஒரே 'பேட்ச்'சாகச் சேர்த்து, அவர் வரும் நாளுக்கு எல்லோருடைய பிக்கப்பையும் பொருத்துகிறார்கள். பைகள் இன்னும் இரண்டு நாள் வளர வேண்டியிருந்தாலும் தேதி நகராது. சேரும் முன்பே கேளுங்கள்: எம்ப்ரியாலஜிஸ்ட் தினமும் இங்கே இருப்பாரா, ஞாயிற்றுக்கிழமை பிக்கப் வந்தால் செய்வீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

ட்ரிகர் போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுக்க வேண்டும். ஞாயிறு இரவு 9.30-க்குப் போட்டால் செவ்வாய் காலை 9 மணிக்கு. நீங்கள் தாமதமாகப் போட்டாலும் தவறு, ஆபரேஷன் தியேட்டரில் அவர்கள் இரண்டு மணி நேரம் காக்க வைத்தாலும் தவறு. ஊசி தாமதமானால் முட்டை முதிர்ந்திருக்காது, காக்க வைத்தால் பை வெடித்து முட்டை வெளியேறிவிடலாம். இரண்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். ட்ரிகராகப் போடப்படும், பொடியும் நீரும் தனித்தனியாக வரும் எச்சிஜி ஊசியில் பொடியைக் கலக்காமல் நீரை மட்டும் போட்டுவிடுவது நடக்கிறது. எச்சிஜி போட்டிருந்தால் மறுநாள் காலை வீட்டில் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே மையத்துக்குச் சொல்லுங்கள். வேறு வகை ட்ரிகருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான்.

ஊசி மருந்துக்கு பில் கேளுங்கள். காலி குப்பியையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, அதிகபட்ச விலை எல்லாம் அதில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊர் போகிறவர்கள் ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோக வேண்டும், ஆனால் மருந்து ஐஸை நேராகத் தொடக்கூடாது. உறைந்துபோன மருந்து வீண்.

உடம்பு பற்றி ஒன்று. பிக்கப்புக்குப் பின் ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறினாலும், வயிறு உப்பி சிறுநீர் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். மையம் போனை எடுக்கவில்லையென்றால் அரசு இராசாசி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். முட்டை மிக அதிகமாக வந்தவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அவர்களுக்கு எல்லாக் கருவையும் ஃப்ரீஸ் செய்துவிட்டு அடுத்த மாதம் கருப்பையில் வைப்பது சரியான மருத்துவம்தான். அதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள்.

பேக்கேஜ் தொகையில் இக்சி, ஐந்தாம் நாள்வரை வளர்ப்பது, ஃப்ரீஸ், வருட சேமிப்புக் கட்டணம், ஃப்ரீஸ் செய்த கருவை வைப்பது இவையெல்லாம் உண்டா இல்லையா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். ஃப்ரீஸ் கட்டணத்தைக் கரு உருவானபின் கட்டுவதாகச் சொல்லுங்கள். கருவின் மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையானதல்ல. செய்தால் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அறிக்கையில் பாலினம் சொல்வது சட்டப்படி குற்றம்.

டோனர் முட்டைக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, முட்டை கொடுக்கும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. "15 டோனர் முட்டை உறுதி" என்று எவராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி டோனர் முட்டையையோ விந்தணுவையோ பயன்படுத்தவும் முடியாது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

அதே சட்டம் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், செய்த சிகிச்சையின் விவரங்களோடு டிஸ்சார்ஜ் சான்று தர வேண்டும், குறைதீர்க்கும் பிரிவு வைத்திருக்க வேண்டும் என்கிறது. மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. கேட்கும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பணத் தகராறுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். புகாரோடு வைக்க வேண்டியவை: ஒவ்வொரு நாளின் ஸ்கேன் சீட்டு, ட்ரிகர் மற்றும் பிக்கப் நேரம், நாள்வாரியான லேப் தாள், எல்லா பில்களும், மையம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் நகல்.