ஹுசைனா, இப்னு சவூதா, இத்ரீசியா? முதல் உலகப் போரில் பிரிட்டன் அரபு ஆட்சியாளர்களோடு போட்ட கணக்கு

1914 நவம்பரில் பிரிட்டனும் உஸ்மானியப் பேரரசும் போரில் மோதிக்கொண்டன. அதே மாதம் இஸ்தான்புல்லில் ஜிஹாத் அறிவிப்பு வந்தது. அப்போது பிரிட்டனுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஜிஹாத் அறிவிப்பை மக்கா வழிமொழியக் கூடாது; இல்லையென்றால் இந்திய முஸ்லிம் வீரர்களை நம்பி நடக்கும் போர் ஆட்டம் கண்டுவிடும். அடுத்து, சூயஸ், பஸ்ரா, ஏடன் ஆகிய இடங்களைக் காக்க அரேபியாவுக்குள்ளேயே ஆள் பிடிக்க வேண்டும். கையில் இருந்த பெயர்களில் முக்கியமானவை மூன்று: மக்காவின் ஷரீஃப் (நபி வழிவந்தோரின் பட்டம்) ஹுசைன், நடு அரேபியாவில் உள்ள நஜ்தின் இப்னு சவூத், யேமனுக்கு வடக்கே செங்கடல் ஓரத்தில் உள்ள அசீரின் முஹம்மது அல்-இத்ரீசி.

மூவரையும் வரிசையாக நிறுத்தி ஒருவர்தான் சிறந்தவர் என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மூவரிடமும் பேசியது ஒரே அலுவலகம் அல்ல என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

பேசியது யார்

ஹுசைனிடம் பேசியது கெய்ரோ. எகிப்தின் ஹை கமிஷனர் ஹென்றி மக்மஹோன், அவருடைய அலுவலகத்தின் ரொனால்ட் ஸ்டோர்ஸ், உளவுப் பிரிவின் கில்பர்ட் கிளேட்டன், சூடானிலிருந்து ரெஜினால்ட் விங்கேட் ஆகியோர் இந்தப் பக்கம். 1916 தொடக்கத்தில் அரபு விவகாரங்களுக்கான உளவு அலுவலகமாக அரபு பீரோ அமைந்ததும் இந்த வேலை முழுவதும் அங்கே குவிந்தது. இந்தியா–திபெத் எல்லைக்கோட்டில் பெயர் நிற்கும் அதே மக்மஹோன்தான் இவர்.

இப்னு சவூதிடம் பேசியது இந்திய அரசின் ஆள்: பாரசீக வளைகுடாவின் ரெசிடெண்ட் (பிரிட்டனின் அரசியல் பிரதிநிதி), பிறகு பஸ்ராப் படையின் தலைமை அரசியல் அதிகாரி, பெர்சி காக்ஸ். இத்ரீசியிடம் பேசியது ஏடன் ரெசிடெண்ட்.

கெய்ரோவுக்குத் தேவை உஸ்மானியரை முதுகில் குத்த ஒரு கலகம். டெல்லிக்கு அது பிடிக்கவே இல்லை. மக்காவைச் சுற்றிப் போர் மூண்டால் இந்திய முஸ்லிம்கள் கொதிப்பார்கள், ஹஜ் தடைபடும் என்ற அச்சம் ஒன்று. பாக்தாதையும் பஸ்ராவையும் ‘அரபு சுதந்திரம்’ என்ற பெயரில் கெய்ரோ தாரைவார்த்துவிடுமோ என்ற கவலை இன்னொன்று. ஒருவர் கொடுத்த வாக்கு இன்னொருவர் கொடுத்த வாக்கோடு இடித்ததற்கு இதுதான் வேர்.

எழுதிக் கொடுத்தது என்ன

முந்திக்கொண்டவர் இத்ரீசி. 1915 ஏப்ரல் 30 அன்று ஏடன் ரெசிடெண்டோடு ஒப்பந்தம். உஸ்மானியரை அவர் தாக்க வேண்டும். கடல்வழித் தாக்குதலிலிருந்து பிரிட்டன் அவரைக் காக்கும். பணமும் ஆயுதமும் வரும். நடுநிலைபோல் காட்டிக்கொண்ட யேமனின் இமாம் யஹ்யா துருக்கியரோடு சேராதவரை அவரைச் சீண்டக் கூடாது. சின்ன ஒப்பந்தம், தெளிவான ஒப்பந்தம்.

இப்னு சவூதோடு போட்டது தாரீன் ஒப்பந்தம், 1915 டிசம்பர் 26. கதீஃபுக்கு எதிரே உள்ள தாரூத் தீவில் காக்ஸும் இப்னு சவூதும் நேரில் கையெழுத்திட்டார்கள். 1916 ஜூலை 18 அன்று சிம்லாவில் வைஸ்ராய் உறுதிசெய்தார். ஏழே பிரிவுகள். நஜ்தும், வளைகுடாக் கரையின் அல்-ஹசா, கதீஃப், ஜுபைலும் அவருடைய நாடு. வேற்று அரசு தாக்கினால் பிரிட்டன் துணை நிற்கும். பதிலுக்கு அவர் வேறு எந்த வெளிநாட்டோடும் உறவு வைக்கக் கூடாது, நிலத்தைக் கொடுக்கக் கூடாது, குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன் கரை ஷேக்குகள்மீது கை வைக்கக் கூடாது, ஹஜ் பாதைகளைத் திறந்து வைக்க வேண்டும். கவனிக்க: உஸ்மானியரோடு போரிட வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஹுசைனோடு போட்ட ஒப்பந்தம் எது? ஒன்றும் இல்லை. இருந்தது 1915 ஜூலை 14 முதல் 1916 மார்ச் 10 வரை போன பத்துக் கடிதங்கள். 1915 அக்டோபர் 24 கடிதத்தில் மக்மஹோன் அரபு சுதந்திரத்தை ஏற்பதாகச் சொல்லிவிட்டு விலக்குகளை அடுக்கினார்: மெர்சின், அலெக்சாண்ட்ரெட்டா வேண்டாம், டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போவுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதி வேண்டாம், பாக்தாத், பஸ்ராவில் தனி நிர்வாக ஏற்பாடு, பிரான்சின் நலன் கெடாத இடத்தில் மட்டுமே வாக்குறுதி செல்லும். பாலஸ்தீனம் பெயரே இல்லை. ஹுசைன் சில விலக்குகளை மறுத்தார். மறுத்ததற்கு முடிவு காணாமலே இரு தரப்பும் வேலையைத் தொடங்கின. இந்தக் கடிதங்களை பிரிட்டன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939இல்தான்.

தாரீனை ஒரு வழக்கறிஞர் எழுதியது போலவும், மக்மஹோன் கடிதங்களை நேரம் வாங்க நினைத்தவர் எழுதியது போலவும் இருக்கிறது. துருக்கியின் கலிபோலி தீபகற்பத்தில் பிரிட்டிஷ் படை சிக்கிக் கிடந்த 1915இல் நேரம் வாங்க வேண்டிய நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் நேரம் வாங்க எழுதியதை, எதிரில் இருந்தவர் நிலப்பத்திரமாகப் படித்தார்.

பணமும் துப்பாக்கியும்

இடைவெளி இங்கேதான் பளிச்சென்று தெரியும். ஹுசைனுக்குக் கலகம் தொடங்கியபின் மாதம் 1,25,000 பவுண்டு. பின்னர் அது 2,00,000 வரை ஏறியது. இப்னு சவூதுக்கு 1917 ஜனவரியிலிருந்து மாதம் 5,000. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

1,25,000 என்பதைத் தங்கச் சவரனாக நிறுத்துப் பார்த்தால், சவரனுக்கு எட்டு கிராம் வீதம், ஏறக்குறைய ஒரு டன் தங்கம். மாதா மாதம். காகிதப் பணம் பாலைவன நாடோடிகளான பதூயின்களிடம் செல்லாது. ஹுசைனின் மகன் ஃபைசலின் படையில் ஆளுக்கு மாதம் இரண்டு பவுன், ஒட்டகத்தோடு வந்தால் நான்கு. பவுன் வருவது தாமதித்தால் அந்தக் குலம் வீட்டுக்குப் போய்விடும். நிலையான சேனை இல்லாத இடத்தில் மானியம் என்பது சம்பளப் பட்டியல்.

தானியமும் ஆயுதம்தான். மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸ் தன் சோற்றைத் தானே விளைவித்ததில்லை. இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் ஜித்தா துறைமுகத்தில் இறங்கிய அரிசி, கோதுமைதான் அன்று மக்காவுக்கு உணவு. செங்கடலில் பிரிட்டிஷ் கடற்படை முற்றுகை போட்டதும் பசி ஹுசைனின் வாசலுக்கு வந்தது. முற்றுகையை இறுக்கினால் மக்கள் பிரிட்டனைத் திட்டுவார்கள், தளர்த்தினால் தானியம் துருக்கிப் படைக்குப் போகும். 1916 ஜூனில் ஜித்தா ஹுசைன் கைக்கு வந்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இப்னு சவூதின் பங்கு 1916 நவம்பரில் முடிவானது. குவைத் தர்பாரில் அவருக்குப் பட்டம் சூட்டி, பஸ்ராவுக்கு அழைத்துப்போய் விமானங்களைக் காட்டினார்கள்; எக்ஸ்ரே கருவியின் கீழ் அவருடைய கையை வைத்து எலும்புகளைக் காட்டினார்கள். கூடவே 3,000 துப்பாக்கி, நான்கு இயந்திரத் துப்பாக்கி. பதிலுக்கு 4,000 பேரைத் திரட்டி, உஸ்மானியரின் நண்பனான ஹாயில் ஆட்சியாளர் இப்னு ரஷீதை அவர் அடக்கி வைக்க வேண்டும்.

கிடைத்தது என்ன

ஹுசைனிடமிருந்து கிடைத்தது அதிகம். 1916 ஜூனில் கலகம். ஜெர்மானியக் குழு ஒன்றோடு சுமார் 3,500 பேர் கொண்ட உஸ்மானியப் படை யேமன் போகும் வழியில் மதீனாவுக்கு வந்து சேர்ந்ததுதான் அவரை அவசரப்படுத்தியது. தாயிஃப் செப்டம்பரில் விழுந்தது. 1917 ஜூலை 6 அன்று அகபா. டமாஸ்கஸ்–மதீனா ரயில் பாதை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். அதைக் காக்கவே உஸ்மானியர் ஆயிரக்கணக்கானோரை மணலில் நிறுத்தவேண்டி வந்தது. மதீனாக் காவற்படை 1919 ஜனவரி வரை சரணடையவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜிஹாத் அழைப்புக்கு எதிராக மக்காவின் குரலே எழுந்தது.

இப்னு சவூதிடம் போர்க்களத்தில் கிடைத்தது குறைவு. 1915 ஜனவரி 24 அன்று ஜர்ராப்பில் இப்னு ரஷீதோடு நடந்த சண்டையில் அவரோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரி கேப்டன் ஷேக்ஸ்பியர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அஜ்மான் குலம் அவருக்கு எதிராகக் கிளம்பியது. தம்பி சஅத் அந்தச் சண்டையில் இறந்தார். சொந்த வீட்டில் தீ எரியும்போது அடுத்த ஊர் துருக்கியரை எப்படித் துரத்துவார்? 1917 இறுதியில் பிரிட்டிஷ் அதிகாரி ஃபில்பி ரியாத் போய் ஊக்கிய பிறகே ஹாயில் பக்கம் அசைவு தெரிந்தது. ஆனால் அவர் எதிரியாகாமல் இருந்ததே லாபம். 1914 மே மாதம்தான் அவர் உஸ்மானியரோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் வளைகுடாக் கரையும் பஸ்ராப் படையின் பக்கவாட்டும் திறந்து கிடந்திருக்கும். மாதம் 5,000 பவுண்டுக்கு அது மலிவு.

இத்ரீசி கதை சுருக்கமானது. 1916இல் பிரிட்டிஷ் கப்பல்களின் துணையோடு குன்ஃபுதா துறைமுகம் அவர் கைக்கு வந்தது. அது தன்னுடையது என்றார் ஹுசைன். ஒப்பந்தம் வைத்திருந்த இத்ரீசியைத்தான் பிரிட்டன் பின்வாங்கச் செய்தது. அதோடு அவருடைய உற்சாகம் வற்றிவிட்டது.

ஆக, ஹுசைனும் இப்னு சவூதும் ஒரே வேலைக்குப் போட்டியிட்டவர்கள் அல்ல. செங்கடல் துறைமுகமோ மக்காவோ இல்லாத இப்னு சவூதால் ரயில் பாதையை அறுத்திருக்க முடியாது. ஹுசைனால் அல்-ஹசா கரையைக் காத்திருக்க முடியாது. கெய்ரோ ஹுசைனைத் தேர்ந்தது சரியே. தவறு, இருவர் நிலமும் சந்திக்கும் கோட்டை யாரும் வரையாததில்.

உடைந்த இடம்

தாரீன் ஒப்பந்தம் எல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. மக்மஹோன் கடிதங்கள் ஹிஜாஸின் கிழக்கு எல்லையைத் தொடவே இல்லை. போதாததற்கு ஹுசைன் 1916 இறுதியில் தன்னை ‘அரபு நாடுகளின் அரசர்’ என்று அறிவித்தார். 1917 ஜனவரியில் பிரிட்டனும் பிரான்சும் ஹிஜாஸ் அரசராக மட்டுமே ஏற்றன. இப்னு சவூத் காதில் விழுந்தது முதல் அறிவிப்புதான்.

அந்த வெற்றிடத்தில் கிடந்தது குர்மா, தாயிஃபுக்குக் கிழக்கே ஒரு பாலைச்சோலை. அதன் அமீர் காலித் பின் லுஆய், ஷரீஃப் வம்சத்தவரே, இப்னு சவூதின் இக்வான் (மதப் பற்றால் திரண்ட பதூயின் படை) பக்கம் போய்விட்டார். 1918இல் ஹுசைன் அனுப்பிய படைகள் தோற்றுத் திரும்பின. இரு தரப்பின் கையிலும் இருந்தவை பிரிட்டன் கொடுத்த துப்பாக்கிகள். 1919 மார்ச்சில் லண்டன் குர்மா ஹுசைனுக்கே என்று தீர்மானித்தது. மே 25 இரவு துரபாவில் ஹுசைனின் மகன் அப்துல்லாவின் முகாமை இக்வான் தாக்கியது. அவர் உயிர்தப்பினார், படை அழிந்தது.

அதன்பிறகு ஹுசைனைக் காக்க பிரிட்டனுக்கு ஒப்பந்தக் கடமை எதுவும் இல்லை. 1921இல் பிரிட்டனின் தூதராக லாரன்ஸ் ஜித்தாவுக்குக் கொண்டுபோன ஒப்பந்த வரைவில் ஹுசைன் கையெழுத்திட மறுத்தார். போட்டிருந்தால் பாலஸ்தீனத்தில் பிரிட்டனும் சிரியாவில் பிரான்சும் நடத்திய பொறுப்பாட்சியை (மாண்டேட்) ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த மறுப்பில் இருந்த நேர்மையை அவரைக் குறை சொல்பவர்கள் பேசுவதில்லை. 1924 மார்ச்சில் இப்னு சவூதுக்கான மானியமும் நின்றது. அவரை இழுத்துப் பிடித்த கயிறும் அதோடு போனது. செப்டம்பரில் தாயிஃப் விழுந்தது, அக்டோபரில் ஹுசைன் பதவி விலகினார், 1925 டிசம்பரில் ஜித்தாவும் போனது.

1927 மே 20 அன்று ஜித்தாவில் இப்னு சவூதின் முழுச் சுதந்திரத்தை பிரிட்டன் ஏற்றது. பேச்சு நடத்தியவர் கிளேட்டன், 1915இல் கெய்ரோவில் ஹுசைனுக்காக வாதாடிய அதே கிளேட்டன். தாரீனின் கட்டுப்பாடுகள் நீங்கின. குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன் கரை ஷேக்குகளோடு சமாதானம் காக்கும் வாக்கு மட்டும் புது ஒப்பந்தத்திலும் இடம்பெற்றது.