கோடாலியா, மிஷினா, ஜேசிபியா? கருவை வெட்டுகிறவரின் காலும் கண்ணும்

மரம் வெட்டும் தொழில் என்றதும் தேக்கங்காடு, மலைச்சரிவு, லாரி நிறைய உருட்டுக்கட்டை என்றுதான் பலருக்கும் தோன்றும். எங்கள் ராமநாதபுரம் கரையில் அப்படிக் காடு கிடையாது. சாயல்குடி, கடலாடி, சிக்கல், வாலிநோக்கம் பக்கம் எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம்தான். நாங்கள் கருவை என்போம். மழை பொய்த்த வருஷங்களில் அதை விறகாகவும், மூட்டம் போட்டுக் கரியாகவும் விற்றுத்தான் பல வீடுகளில் உலை வைத்தார்கள். இந்த மரத்தை அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அன்றிலிருந்து பேச்செல்லாம் மரத்தைப் பற்றியே. அதற்குள் குனிந்து நுழைந்து வெட்டுகிற ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோடாலி, மிஷின் (செயின்சா என்னும் சங்கிலி ரம்பம்), ஜேசிபி மூன்றையும் அவர் உடம்பை வைத்தே எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி ஒரு விஷயம். கருவையை வெட்டினால் தூரிலிருந்து நாலைந்து கிளையாக மறுபடி தழையும். அதனால் ஒற்றை அடிமரம் கிடைப்பது அரிது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, முள்ளோடு தரை வரை தொங்கும். மரம் இந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து விலகி நிற்கிற வசதி இங்கே இல்லை. உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

கோடாலியும் வெட்டரிவாளும் பழகிய கைக்குப் பாதுகாப்பு என்று பெரியவர்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. அவர்களிடம் கவைக்கம்பு, அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த கம்பு இருந்தது. இடது கையில் கவை, வலது கையில் அரிவாள். முள்கிளையைக் கவையால் அழுத்திப் பிடித்து வெட்டி, அதாலேயே தள்ளிவிடுவார்கள். கை முள்ளைத் தொடவே தொடாது. காசில்லாமல் கிடைக்கும் இந்தக் கவசத்தை இளம் செட்டுகள் (சேர்ந்து வெட்டப் போகும் ஆட்கள்) கைவிட்டது எனக்கு ஆற்றாமைதான்.

கோடாலியின் ஆபத்து அதன் காம்பில். தலை ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். காலையில் இறுக்கமாகத்தான் இருக்கும். பதினொரு மணி வெயிலில் காம்பு வற்றி மறுபடி ஆட ஆரம்பிக்கும், ஆளும் அந்நேரம் களைத்திருப்பார். கழன்ற தலை எதிரில் விறகு அடுக்கும் பெண்ணின் மேல் போய் விழலாம். ஆப்பு அடித்து இறுக்குவதுதான் சரி, ஊறப்போடுவது ஏமாற்று வேலை. அப்புறம் இடுப்பு. நாள் முழுக்கக் குனிந்து தூரை வெட்டுகிறவர் நாற்பது வயதிலேயே நிமிர முடியாமல் போகிறார். ரத்தம் வராத காயம் என்பதால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, மிஷினுக்கு வருவோம். செயின்சா இப்போது பத்தாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது. இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிகிறது, இடுப்பும் கொஞ்சம் தப்பிக்கிறது. ஆனால் கோடாலி தரும் பத்துச் சின்னக் காயத்துக்குப் பதிலாக மிஷின் தருவது ஒரே பெரிய காயம். அது தொடையிலும் முழங்காலிலும்தான் அதிகம் விழும். பிளேடு நுனியின் மேல்பாதி எதிலாவது இடித்தால், மிஷின் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கித் தூக்கியடிக்கும். கருவைப் புதரில் அந்த நுனி இடிக்காமல் இருக்க வழியே இல்லை, சுற்றிலும் கிளைதானே! அப்படித் தூக்கியடித்தால் செயினை உடனே நிறுத்துவது செயின் பிரேக். அது இல்லாத மிஷினையோ, அதைக் கழற்றிப் போட்ட மிஷினையோ புதருக்குள் கொண்டுபோகவே கூடாது.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரிய தொல்லை: மணல். தேரி மணலும் கடற்கரை மணலும் காற்றில் பறந்து அடிமரப் பட்டையில் ஒட்டியிருக்கும். தரையை ஒட்டி அறுத்தால் செயினின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கியதற்கு அடையாளம் எளிது. சில்லு சில்லாகத் தெறித்த மரம் மாவு போலக் கொட்டும். மாவு கொட்டினால் நிறுத்தி அரம் போட வேண்டும். அரம் போடாமல் அழுத்தி அறுக்கும்போதுதான் கை வழுக்குகிறது. வில்லாக வளைந்து நிற்கும் கிளையை ஒரே மூச்சில் அறுப்பதும் அப்படித்தான், அறுந்த வேகத்தில் நெஞ்சில் அடிக்கும். உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி விறைப்பைத் தளர்த்திவிட்டு அறுக்க வேண்டும். கடைக்காரர் மிஷினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டி அனுப்பிவிடுகிறார். இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

பயிற்சியும் விதிகளும் உள்ள அமெரிக்காவிலேயே 2022இல் மரம் வெட்டும் தொழிலில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 100 பேர் வீதம் இறந்தார்கள். எல்லாத் தொழிலையும் சேர்த்த சராசரி அங்கே நாலுக்கும் குறைவு. அங்குள்ள ஒரு விதி நமக்கு அப்படியே பொருந்தும்: மரம் சாய்க்கிற இடத்துக்கும் அடுத்த ஆளுக்கும் மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி. இருபதடிக் கருவைக்கு நாற்பதடி. நம் செட்டில் அறுக்கிறவர் காலடியிலேயே இன்னொருவர் கிளை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜேசிபி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரை முள் குத்தாது, விரியன் கடிக்காது. தூரோடு பிடுங்குவதால் மரம் மறுபடி தழைவதும் குறையும். கண்மாய்க் கரையில் சரிந்துவிடாமலும் மேலே போகும் கரண்ட் கம்பியில் ஜேசிபியின் கை படாமலும் பார்த்துக்கொண்டால், உடம்புக்கு மூன்றிலும் பத்திரமானது இதுதான். ஆனால் ஆறு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார், மற்ற ஐந்து பேருக்குக் கூலி போச்சு. கண்மாய், ஊரணி தூர்வார அது சரி. கரிக்காக வெட்டும் பட்டா நிலத்துக்கு அதைத் தீர்வாகச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆக, போட்டி கோடாலிக்கும் மிஷினுக்கும்தான். நான் மிஷின் பக்கம், ஒரு நிபந்தனையோடு: கால் கவசமும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தக் கவசத்துக்குள் நீள நீளமான இழைகள் இருக்கும். செயின் பட்டதும் அவை வெளியே இழுபட்டுப் பல்சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். வெயிலில் புழுங்கும், உண்மைதான். அதனால் அறுப்பு வேலையைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடித்துக்கொண்டு, மீதி நேரம் அடுக்கலாம். கவசத்துக்குக் காசில்லை என்றால் கோடாலியும் கவையுமே மேல்.

எதைக் கொண்டு வெட்டினாலும் செருப்பு விஷயம் மாறாது. ரப்பர் செருப்பைக் கருவை முள் வெண்ணெயில் போவது போலத் துளைக்கும். சின்ன வயதில் என் சித்தப்பாவின் குதிகாலிலிருந்து ஊக்கால் முள் தோண்டி, எருக்கம்பால் வைத்துவிடுவது என் வேலையாக இருந்தது. வெள்ளைத் தோலுக்குள் முனை மட்டும் கருத்துத் தெரியும், அதைச் சுற்றித் தோண்ட வேண்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “தோண்டுப்பா, பயப்படாதே” என்பார். கம்பூட்ஸ் மலிவு, பாம்புக்கும் நல்லது, ஆனால் அடிப்பக்கத்தை முள் துளைக்க வாய்ப்புண்டு. அடியில் இரும்புத் தகடு வைத்த சேஃப்டி ஷூதான் என் தேர்வு. வாங்கும்போது எஸ்1 என்று மட்டும் போட்டிருந்தால் தகடு இருக்காது. எஸ்1பி அல்லது எஸ்3 என்று கேட்டு வாங்குங்கள், தகடு இரும்புதானா என்றும் கேளுங்கள். கிளை இழுக்கும் பெண்களுக்கும் இதே ஷூ வேண்டும். முள் அதிகம் குத்துவது அவர்கள் காலில்தான், ஒப்பந்தக்காரர் கணக்கில் முதலில் விடுபடுவதும் அவர்கள்தான்.

கண்ணுக்கு மூடிய கண்ணாடியும் உண்டு, கம்பிவலை முகமூடியும் உண்டு. மூடிய கண்ணாடி கடலோர ஈரக்காற்றில் ஐந்து நிமிஷத்தில் வியர்த்து மங்கிவிடும், ஆளும் கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுவார். வலை மங்காது, ஆனால் பொடி உள்ளே வரும். உள்ளே சாதாரண சேஃப்டி கண்ணாடி போட்டு மேலே வலையை இறக்கிக்கொள்வது நல்லது. முள்ளோ தழையோ கண்ணில் கீறிவிட்டால் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். காலுக்கு வைத்த எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். மீதமிருந்த சொட்டு மருந்தும் கூடாது, முள், தழை கீறலில் பூஞ்சைப் புண் வரலாம், அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் அது இன்னும் பரவும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கடைசியாக, 20 ரூபாய் விஷயம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் 18 வயதிலிருந்து 70 வரை வங்கிக் கணக்குள்ள யாரும் சேரலாம். விபத்தில் ஒரு கண்ணின் பார்வை முழுதாகப் போனால் 1 லட்சம், உயிர் போனால் 2 லட்சம். இதற்கான 20 ரூபாயை வருஷா வருஷம் மே கடைசி வாக்கில் வங்கியே எடுத்துக்கொள்ளும், ஆனால் கணக்கில் இருந்தால்தானே எடுக்கும்? கருவைக் கூலி கையில்தான் வருகிறது, கணக்கு காலியாகவே கிடக்கிறது, காப்பீடும் சொல்லாமல் அறுந்துபோகிறது. செட்டு நடத்துகிறவர்கள் மே மாதக் கடைசி வாரத்தில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: “கணக்குல இருபது ரூபா கிடக்கா?”