மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனம்: 1,480 வெள்ளி போச்சு

மூன்று நாளாக வயிறு எரிகிறது. 1,480 வெள்ளி (ரிங்கிட்)! கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் கணினிக் கடையில், என் லேப்டாப்புக்கு ஒத்துவராத மானிட்டரைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

நான் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 14 அங்குலத் திரையில் எக்செல் கட்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிச்சல். அதனால்தான் எழுத்துக் கூர்மையாகத் தெரியும் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கப் போனேன். கடையில் இருந்தது தமிழ்த் தம்பி. "அக்கா செந்தூலா? எங்க பாட்டி வீடும் அங்கதான்" என்றதும் மனம் இளகிவிட்டது. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பக்கவாட்டில் இருந்த சின்ன நீள்வட்டத் துளையை விரலால் தொட்டு, "டைப்-சி இருக்குக்கா, ஒரே கேபிள் போதும். படமும் வரும், சார்ஜும் ஏறும்" என்றார். என் லேப்டாப்பிலேயே ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொன்னேன். பெட்டியைப் பிரித்தால் புதுசு போய்விடும் என்றார். கடை லேப்டாப்பில் வேறொரு மானிட்டரை மாட்டிக் காட்டினார். பளிச்சென்று வந்தது. நம்பிக் காசைக் கொடுத்தேன்.

வீட்டில் மாட்டினால் கறுப்புத் திரை, நடுவில் 'சிக்னல் இல்லை'. வாட்சப்பில் கேட்டேன். "டிரைவர் அப்டேட் பண்ணுங்கக்கா." செய்தேன். மறுநாள், கேபிள் கோளாறாக இருக்கும் என்று 89 வெள்ளிக்கு இன்னொன்று விற்றார்கள். அதிலும் வரவில்லை.

அப்புறம்தான் லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கத்தில் என் மாடலைத் தேடிப் படித்தேன். அந்த டைப்-சி துளை கோப்புகளை மாற்ற மட்டும்தான். அதன் வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இல்லாததால், எந்தக் கேபிளை மாற்றினாலும் படம் வராது. சரி, படம் அனுப்பும் இன்னொரு துளையான எச்டிஎம்ஐ? அது 1.4 பதிப்பு, 4கே என்றால் 30 ஹெர்ட்ஸோடு, அதாவது வினாடிக்கு 30 படத்தோடு, நின்றுவிடும். மவுஸை இழுத்தால் அம்பு விட்டு விட்டுத் தாவுகிறது. தெளிவைக் குறைத்தால் சீராக ஓடுகிறது, ஆனால் எண்கள் மங்குகின்றன. 4கேவுக்குக் காசு கொடுத்தது இதற்கா?

மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். தம்பி நிமிர்ந்தே பார்க்கவில்லை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, ரசீதின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டினார். மானிட்டரில் கோளாறு இல்லையாம், என் லேப்டாப்தான் பழசாம். அந்த லேப்டாப்பைப் பார்த்துத்தானே விற்றார்கள்! நேற்றிலிருந்து வாட்சப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. கேபிளோடு சேர்த்து 1,569 வெள்ளி.

விவரமாக எழுத இப்போது மனமில்லை. டைப்-சி இருந்தாலே படம் வரும் என்று நம்பாதீர்கள். உங்கள் மாடலுக்கு டிஸ்ப்ளேபோர்ட் அல்லது அதேபோல் டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் தண்டர்போல்ட் உண்டா என்று தயாரிப்பாளர் பக்கத்தில் பாருங்கள். எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். 4கேவுக்கு 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பில் மாட்டிக் காட்டாத கடையில் வாங்காதீர்கள். இன்னது தேவை என்று சொல்லி வாங்கினால் பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ரசீதில் அச்சடித்த வரி அதைத் தட்டிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான்.

'இந்த மாடலுக்குப் பொருந்தும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த வாட்சப் செய்திகள்தான். மனுவோடு வைக்க அவற்றை அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன்.