நார்டிக் பிபிகே2: தூங்கும் போர்டு எவ்வளவு கரண்ட் குடிக்கிறது?

நான் செய்வது தோட்டத்து மண் ஈரத்தை அளந்து ப்ளூடூத்தில் அனுப்பும் சின்ன போர்டுகள். பட்டன் செல்லில் ஓடுபவை. பெரும்பாலான நேரம் தூங்கும், அவ்வப்போது விழித்து அளந்து அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடும். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதை இந்தத் தூக்கம்தான் முடிவு செய்கிறது. அதை அளக்கத்தான் நார்டிக் செமிகண்டக்டரின் பவர் புரொஃபைலர் கிட் 2 வாங்கினேன். சுருக்கமாக பிபிகே2: போர்டு இழுக்கும் கரண்டை அளந்து கம்ப்யூட்டரில் கிராஃபாகக் காட்டும் கருவி.

மல்டிமீட்டர் போதாதா? தூக்கத்தை மட்டும் அளக்கப் போதும். விழிக்கும்போதுதான் வம்பு. மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் நல்ல மீட்டருக்குள்ளேயும் 100 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். 2 மைக்ரோ ஆம்பியருக்கு அது பொருட்டே இல்லை. ரேடியோ 15 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1.5 வோல்ட் மீட்டரிலேயே போய்விடும். 3 வோல்ட்டில் மீதி பாதியை வைத்துக்கொண்டு சிப் என்ன செய்யும்? ரீசெட் ஆகும். சரி என்று மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாறினால், தூங்கும் கரண்ட் பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஒரு எண்ணாகத்தான் தெரியும்.

பிபிகே2 உள்ளே 5 ரேஞ்சுகளைத் தானாக மாற்றிக்கொள்கிறது. 200 நானோ ஆம்பியரிலிருந்து 1 ஆம்பியர் வரை, நொடிக்கு ஒரு லட்சம் தடவை அளக்கும். 0.8 முதல் 5 வோல்ட் வரை சப்ளையும் அதுவே கொடுக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது: பேட்டரி கிழடானால் போர்டு எழுமா என்று பார்க்க, வோல்ட்டேஜை 2.2க்கு இறக்கிவிட்டால் போதும்.

நண்பர் ஒருவர் தன் போர்டைக் கொண்டுவந்தார். சிப்பின் டேட்டாஷீட்படி தூக்கத்தில் 2 மைக்ரோ ஆம்பியர் இழுக்க வேண்டும். கிராஃப் 17 காட்டியது. கோடு ஆடாமல் அசையாமல் நேராக இருந்தது. ஃபர்ம்வேர் (சிப்பில் ஓடும் புரோகிராம்) அடிக்கடி விழித்துக்கொள்வதாக இருந்தால் நடுவில் எங்காவது முட்கள் மாதிரி திடீர் ஏற்றங்கள் தெரிந்திருக்கும். அதனால் முதலில் ரெசிஸ்டர்களைத் தேடினோம். பேட்டரி வோல்ட்டேஜைப் பார்க்க இரண்டு 100 கிலோ ஓம் வரிசையாக, எப்போதும் கிரவுண்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 3 வோல்ட்டை 200 கிலோ ஓமால் வகுத்தால் சரியாக 15 மைக்ரோ ஆம்பியர், சிப்பின் 2 சேர்த்தால் 17. அப்படியே விட்டிருந்தால் 220 மில்லி ஆம்பியர்-மணி சிஆர்2032 பட்டன் செல், போர்டு தூங்கியே ஒன்றரை வருஷத்தில் தீர்ந்துபோகும். கீழ்முனையை ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வழியாக விட்டு, அளக்கும் கணத்தில் மட்டும் கரண்ட் போகச் செய்தோம், கோடு இறங்கிவிட்டது.

பிபிகே2வின் கம்ப்யூட்டர் ஆப்பில் கிராஃபின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் சராசரி, உச்சம், மொத்த சார்ஜ் எல்லாம் வந்துவிடும். சார்ஜ் கூலம்பில் வரும், 3.6ஆல் வகுத்தால் மில்லி ஆம்பியர்-மணி. சிப்பின் பின்கள் உயர்ந்திருக்கின்றனவா, தாழ்ந்திருக்கின்றனவா என்பதை கிராஃபோடு சேர்த்துக் காட்டும் 8 லாஜிக் பின்களும் உண்டு. சென்சார் படிக்கும்போது அதில் இணைத்த சிப்பின் ஒரு பின்னை உயர்த்தினால், எந்த மேடு சென்சார், எந்த மேடு ரேடியோ என்று தெரிந்துவிடும். லாஜிக் பக்கத்து விசிசி (சப்ளை வோல்ட்டேஜ்) பின்னையும் மறக்காமல் இணைக்க வேண்டும்.

குறைகள்? மைக்ரோ யுஎஸ்பி, இந்தக் காலத்திலும். பெட்டி இல்லாத வெறும் போர்டு, ஸ்க்ரூ விழுந்தால் அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் கிரவுண்டிலிருந்து ஐசொலேஷன் கிடையாது. டீபக்கரையும் (புரோகிராம் ஏற்றி சோதிக்கும் கருவி) சீரியல் வயரையும் போர்டிலிருந்து கழற்றாமல் அளந்தால், அந்த வயர் வழியாகக் கசிவதையும் சேர்த்துத்தான் பார்ப்பீர்கள். 200 நானோவுக்குக் கீழே உங்கள் வேலை என்றால் இது ஆகாது. டேவ் ஜோன்ஸின் மைக்ரோகரண்ட் (மல்டிமீட்டரோடு சேர்த்துச் சின்ன கரண்டை அளக்கும் அடாப்டர்) மாதிரி ஏதாவது பாருங்கள்.

விலை 100 டாலரை ஒட்டி வரும். இதே வேலையைச் செய்யும் ஜூல்ஸ்கோப் என்ற கருவி இதைவிடத் துல்லியம்தான், ஆனால் பல மடங்கு விலை. ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பின் டெவ் போர்டை (பழகிப்பார்க்கும் ரெடிமேட் போர்டு) அப்படியே பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் இதற்கு இப்போதே செலவழிக்க வேண்டாம். அதில் சிப் டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோ ஆம்பியர் இழுக்கலாம். பக்கத்திலிருக்கும் பவர் எல்ஈடியும் ரெகுலேட்டரும் மில்லி ஆம்பியர் கணக்கில் குடிக்கும். முதலில் எல்ஈடியைப் பிடுங்குங்கள். அதற்குச் சால்டரிங் அயர்ன் போதும்.