2 டிபி என்று சொல்லி 64 ஜிபி-யைத் தலையில் கட்டிவிட்டார்கள்: பேக்கப் எடுப்பவர்கள் கவனம்

மலிவு விலையில் "2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" (சுமார் 2,000 ஜிபி பிடிக்கும் கையடக்கச் சேமிப்பு டிரைவ்) என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதில் பேக்கப் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு ரூ.2,199 போனது. கூடவே பல வருட உழைப்பும் போனது. வயிறு எரிகிறது.

சின்னதாக ஒரு டிடிபி சென்டர் நடத்துகிறேன். மொத்தப் பிழைப்பும் ஒரே லேப்டாப்பில்தான். குறைந்த விலை மாடல், 256 ஜிபி. டிரைவ் நிரம்பி, டிசைன் போடும் மென்பொருளான கோரல்டிரா திறப்பதற்கே திணறியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை ரீசெட் செய்தால் சரியாகும். அதற்குமுன் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி டிசைன்கள், பாமினியில் தொடங்கிச் சேர்த்து வைத்த ஃபாண்டுகள், என் கைப்பழக்கத்துக்கு ஏற்ப அமைத்த ஷார்ட்கட்கள், பிரவுசர் புக்மார்க்குகள் என எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் 140 ஜிபி.

வாங்கியது எல்லாருக்கும் தெரிந்த பெரிய ஆன்லைன் கடையில். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் நம்பகமானவர் என்ற முத்திரை, நல்ல ரேட்டிங். பெட்டியைப் பிரித்தால் உலோக உடல், கையில் நல்ல கனம். செருகியதும் விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டியது. அசல் 2 டிபி டிரைவையும் விண்டோஸ் அப்படித்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும்தான் முழுதாக நம்பினேன். இரவு முழுக்க காப்பி ஓடியது, ஒரு எரர் வரவில்லை. இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை, அளவு எல்லாம் ஒத்துப்போயின. முதல் சில ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தேன், டிசைன்கள் சுத்தமாகத் திறந்தன. சரி என்று ரீசெட் கொடுத்தேன்.

அப்புறம் திருப்பி ஏற்றும்போதுதான் தெரிந்தது. ஃபோல்டர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவும் இருக்கிறது. திறந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. பாதிக்கு மேல் இப்படி!

வாங்கிய டிரைவின் பின்பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே எஸ்எஸ்டியே இல்லை. சின்ன போர்டு, அதில் பசை போட்டு ஒட்டிய ஒரு மெமரி கார்டு, எடை காட்ட ஒரு இரும்புத் துண்டு. சோதித்ததில் உண்மையான இடம் 64 ஜிபி. போர்டில் இருக்கும் மென்பொருளைத் திருத்தி 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 64 ஜிபி வரை ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் வருவதை வாங்கிக்கொள்வதுபோல் காட்டிவிட்டு எங்கேயும் எழுதாது. பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக நிற்கும். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

கஸ்டமர் கேரில் "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், ரிட்டர்ன் செய்ய 7 நாள்தான், முடிந்துவிட்டது" என்றார்கள். போலிப் பொருளுக்கு என்ன 7 நாள்? "விற்பவரிடம் கேளுங்கள்" என்றார்கள். விற்பவர் "ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார். உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "நீங்களே கழற்றிட்டீங்க, வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது. மறுபடி கடைக்கு எழுதினால் பெட்டி பிரித்த வீடியோ கேட்கிறார்கள். கடைசியில் என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். ரூ.2,199-இல் ஒரு ரூபாய் திரும்பவில்லை. அதே பொருள் இப்போதும் அங்கே விற்பனையில் இருக்கிறது.

டேட்டா ரெகவரி செய்பவரும் கைவிரித்துவிட்டார். லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, ரீசெட்டில் அழிந்தது அழிந்ததுதானாம்.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். அசல் 2 டிபி எஸ்எஸ்டி இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. எந்த டிரைவ் வாங்கினாலும் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுதாக நிரப்பிச் சோதியுங்கள், லினக்ஸில் அதே வேலைக்கு எஃப்3 (F3) இருக்கிறது, இரண்டும் இலவசம். காப்பி செய்தபின் கடைசி ஃபோல்டர்களையும் திறந்து பாருங்கள். இன்னொரு இடத்தில் ஒரு பிரதி இல்லாமல் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன், அந்த ரூ.2,199-ஐ விடப் போவதில்லை.