ஈபே ஸ்டாண்டர்ட் என்வலப்: இரண்டு டாலர் கார்டை அனுப்பக் கட்டுப்படியாகுமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மலிவான ஸ்போர்ட்ஸ் கார்டுகளை (விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்பவர்கள் வாங்கும் அட்டைகளை) ஈபே இணையச் சந்தையில் விற்பவர்களின் தலைவலி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். அமெரிக்காவுக்குள் மூன்று டாலர் பேஸ்பால் கார்டு ஒன்றைக் கண்காணிப்பு எண்ணோடு அனுப்ப நெடுங்காலம் பார்சல்தான் ஒரே வழி. அமெரிக்க அஞ்சல்துறையின் இன்றைய கிரவுண்ட் அட்வான்டேஜ் பார்சலுக்கு நான்கு டாலருக்கு மேல் ஆகிறது. வெறும் உறையில் தபால்தலை ஒட்டிப் போட்டால் செலவு குறையும். ஆனால் வாங்கியவர் ‘வந்து சேரவில்லை’ என்று சொல்லிவிட்டால் நம் கையில் காட்ட எதுவும் இருக்காது. 2021 தொடக்கத்தில் ஈபே கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் என்வலப் என்ற உறை அனுப்பும் சேவை இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது: கட்டணம் கடிதத்துக்கு உரியது, கண்காணிப்பு பார்சலைப் போன்றது. இதில் முதல் பாதி முழு உண்மை. இரண்டாவது பாதி முக்கால் உண்மை.

இரண்டு டாலரிலிருந்து இருபது டாலர் வரையிலான கார்டுக்கு இதைவிட நல்ல வழி ஈபேயில் இல்லை. ஒரு டாலர் கார்டை இதுவும் காப்பாற்றாது.

முதலில் வரம்புகள். தனிக் கார்டின் விலை 20 டாலரைத் தாண்டக் கூடாது. பல கார்டுகள் சேர்ந்து போகும் ஆர்டர் 50 டாலர் வரை இருக்கலாம். கிரேடு செய்து (நிலையைச் சோதித்துத் தரமதிப்பெண் வாங்கி) கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்த கார்டுக்கு இங்கே இடமில்லை. உறையின் அளவு குறைந்தது 3½ × 5 அங்குலம், அதிகபட்சம் 6⅛ × 11½ அங்குலம். தடிமன் கால் அங்குலத்துக்குள், எடை 3 அவுன்ஸுக்குள். கட்டணம் ஒன்று, இரண்டு, மூன்று அவுன்ஸ் என்று மூன்று படி. ஒரு அவுன்ஸ் கட்டணம் சாதாரணத் தபால்தலை விலையை ஒட்டியே நகர்கிறது (அந்தத் தபால்தலை 2025 ஜூலையில் 78 சென்ட் ஆனது). அஞ்சல்துறை விலை ஏற்றினால் இதுவும் ஏறும். கீழே வரும் கணக்குக்கு 75 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று டாலர் கார்டு, அனுப்பும் கட்டணம் ஒரு டாலர், விற்பனை வரி ஏழு சதவீதம். வாங்குபவர் கொடுப்பது 4.28 டாலர். ஈபே தன் பங்கை இந்த மொத்தத் தொகையிலிருந்து எடுக்கிறது. வரிக்கும் சேர்த்துத்தான் கமிஷன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 13 சதவீதத்துக்குச் சற்று மேல் கமிஷன், பத்து டாலர் வரையிலான ஆர்டருக்கு 30 சென்ட் நிலைக் கட்டணம் (அதற்கு மேல் 40 சென்ட்) என்று பார்த்தால் ஏறக்குறைய 87 சென்ட் போகும். அஞ்சல் 75 சென்ட், பொதி சாமான் 25 சென்ட் வாக்கில். வரி 28 சென்ட்டும் போக, கையில் நிற்பது 2.13 டாலர். இதையே 99 சென்ட் கார்டுக்குப் போட்டுப் பாருங்கள்: அனுப்ப ஒரு டாலர் வாங்கினால் மிஞ்சுவது 40 சென்ட். ‘அனுப்புவது இலவசம்’ என்று போட்டால் ஒவ்வொரு கார்டுக்கும் 45 சென்ட் நாமே கையிலிருந்து கொடுத்து வியாபாரம் செய்கிறோம். அதனால்தான் மலிவான கார்டை 99 சென்ட்டில் தொடங்கும் ஏலத்தில் விடக் கூடாது. ஒரே ஒருவர் கேட்டு அதே 99 சென்ட்டுக்கு எடுத்துப் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். நிலையான விலை போடுங்கள், இரண்டு டாலருக்குக் கீழே தனிக் கார்டாகப் போடாதீர்கள். ஈபேயில் தனிக் கடை வைக்காதவர்களுக்கு மாதம் 250 பட்டியல்கள் (விற்பனைக்குப் போடும் பதிவுகள்) இலவசம். ஆனால் விற்காத பட்டியல் மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும்போது அதுவும் அந்த 250-இல் ஒன்றாகக் கணக்காகும்.

இனி பொதி கட்டுவது. இந்தச் சேவையில் நல்லது கெட்டது எல்லாமே இங்கேதான் முடிவாகிறது, ஏனென்றால் உறை போவது கடிதம் பிரிக்கும் எந்திரத்துக்குள். வேகமாக ஓடும் இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவே சிக்கி, உருளைகளைச் சுற்றி வளைந்து போகும். அஞ்சல்துறை விதிப்படி கடிதம் 11 அங்குல விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைய வேண்டும். டாப்லோடர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை அந்த வளைவுக்குப் பிறந்ததே அல்ல. ஒன்று மட்டும் உள்ளே இருந்தால் சிறிய பொருள் என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எந்திரம் கடித்துத் துப்பும்.

வரிசை இப்படி: கார்டை முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும். ஸ்லீவின் வாயில் ஒரு மூலையைக் கத்தரியால் லேசாக நறுக்கிவிட்டால் கார்டின் முனை இடிபடாமல் இறங்கும். ஸ்லீவோடு சேர்த்து டாப்லோடருக்குள். ஸ்லீவ் இல்லாமல் டாப்லோடரில் நேராகச் செருகினால், குறிப்பாகக் குரோம் என்ற பளபளப்பான வகைக் கார்டுகளில், முகப்பில் கீறல் விழும். டாப்லோடரின் வாயைச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் ஒட்டும் நீலப் பேப்பர் டேப்பால் மூடி, டேப்பின் ஒரு நுனியை மடித்து விடுங்கள். பிரிப்பவருக்குப் பிடி வேண்டும். சாதாரணச் செலோடேப் ஒட்டினால் பசை படியும்; அதைக் கத்தியால் கிளறப் போய்க் கார்டை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு, அவர்கள் கொடுக்கும் மதிப்பீடும் அதற்கேற்றாற்போல் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் டீம் பேக் என்ற ஒட்டும் வாயுள்ள பைக்குள்.

பலரும் தவறவிடும் படி அடுத்தது. உறைக்குள் டாப்லோடர் தளர்வாகக் கிடந்தால், எந்திரம் இழுக்கும் வேகத்தில் ஒரு மூலைக்கு ஓடி, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ‘உறை வந்தது, கார்டு இல்லை’ என்ற புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் திருட்டு கிடையாது, இதுதான் காரணம். ஒரு தாளை மூன்றாக மடித்து, நடுவில் டீம் பேக்கை டேப்பால் ஒட்டி, அந்தத் தாள் உறையின் அகலம் முழுக்க வருமாறு வையுங்கள். டாப்லோடரின் நீளப் பக்கம் உறையின் நீளப் பக்கத்தோடு போகட்டும். 3⅝ × 6½ அங்குல உறை ஒரு டாப்லோடருக்குச் சரியான அளவு.

ஐந்து டாலருக்குள் உள்ள கார்டுக்கு டாப்லோடரே தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதுதான் எங்கள் கட்சி. கார்டு சேவர் போன்ற வளையும் பிளாஸ்டிக் உறை எந்திரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் வாங்குபவர்கள் டாப்லோடரை எதிர்பார்க்கிறார்கள். பட்டியலிலேயே எதில் அனுப்புகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் சண்டை வராது.

எடையை ஊகிக்க வேண்டாம். ஒரு கார்டு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. டாப்லோடர், பை, தாள், உறை எல்லாம் சேர்ந்து ஒரு அவுன்ஸுக்குள், அதாவது 28 கிராமுக்குள், நிற்கும். நீள உறையில் இரண்டு டாப்லோடரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். சமையலறைத் தராசு போதும். 28-ஐத் தாண்டினால் இரண்டு அவுன்ஸ் லேபிள் எடுங்கள். ஜெர்சித் துணி பதித்த தடிமனான கார்டுகளை இதில் அனுப்பவே கூடாது. கால் அங்குலத்துக்குள் அடங்கினாலும் வளையாது. அதற்குப் பபிள் உறையும் பார்சலும்தான். அந்தச் செலவை முதலிலேயே விலையில் ஏற்றுங்கள்.

கண்காணிப்புக்கு வருவோம். பார்சலைப் போல அஞ்சல்காரர் வாசலில் நின்று ஸ்கேன் செய்வதில்லை. உறையில் அச்சான பார்கோடைப் பிரிக்கும் எந்திரங்கள் படிக்கின்றன. கடைசிக் கட்டத்தில் எந்திரம் படித்ததை வைத்துத்தான் ‘பட்டுவாடா ஆனது’ என்று காட்டுகிறது. நிலவரத்தை ஈபே பக்கத்தில் பார்க்க வேண்டும். அஞ்சல்துறைத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுவது வீண். அஞ்சலகக் கவுன்டரில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஸ்கேன் போடச் சொல்லிக் கேட்பதும் வீண்தான். தெருவிலுள்ள நீலத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். முதல் பதிவு அடுத்த நாள் எந்திரத்தில் விழும்.

இங்கே ஒரு பழைய பழக்கம் காலை வாரிவிடுகிறது. தபால்தலை ஒட்டி அனுப்பிய காலத்தில், எந்திரத்தில் போடாமல் கையால் முத்திரை குத்துங்கள் என்று உறையில் எழுதுவோம். அதற்குக் கூடுதல் கட்டணமும் உண்டு, 2025 ஜூலைக்குப் பின் 49 சென்ட். ஸ்டாண்டர்ட் என்வலப்பில் அப்படி எழுதினால் கட்டாத கட்டணத்துக்கு வேலை கேட்கிறோம் என்று ஆகும். கையால் பிரித்தால் பார்கோடு படிக்கப்படாது, கண்காணிப்பும் அந்த இடத்திலேயே செத்துப்போகும். பளபளக்கும் டேப்பைப் பார்கோடின் மேல் ஒட்டுவதும், டாப்லோடரின் விளிம்புக்கு மேலாக லேபிள் மேடுபட்டு நிற்குமாறு ஒட்டுவதும் இதே விளைவைத்தான் தரும்.

இருந்தும் சில உறைகள் நடுவழியில் பதிவு நின்று, நாள் கழித்துப் போய்ச் சேரும். பட்டுவாடா பதிவு இருந்தால் ‘வரவில்லை’ புகாரில் ஈபே விற்பவர் பக்கம் நிற்கும். பதிவு இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டியதுதான். தொலைந்ததற்கு ஈடு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மூன்று டாலருக்காக வாங்குபவரோடு மல்லுக்கு நிற்பதைவிட உடனே திருப்பிக் கொடுப்பது மேல். கார்டு பிறகு கிடைத்தால் பலர் தாமாகவே பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

லாபம் உண்மையில் வருவது சேர்த்து வாங்குபவர்களிடம்தான். முதல் கார்டுக்கு ஒரு டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் பத்து சென்ட் என்று ஈபே அமைப்பில் தள்ளுபடி வைத்தால், ஒரே உறையில் ஐந்தாறு கார்டுகள் போகும். 30 சென்ட் நிலைக் கட்டணமும் ஒரே முறைதான். ஒரே அணி, ஒரே வீரர் என்று கொத்தாகப் பட்டியலிடுங்கள். கார்டின் வகையைச் சரியாக எழுதுவதும் இதில் சேர்ந்ததுதான்: பனீனி நிறுவனத்தின் பிரிஸம் வரிசையில் சில்வர் என்ற பளபளக்கும் வகைக் கார்டின் பின்புறம் ‘பிரிஸம்’ என்ற சொல் இருக்கும், சாதாரணக் கார்டில் இருக்காது. முகப்புப் பளபளப்பை மட்டும் பார்த்து எழுதினால் கார்டு திரும்பி வரும், அந்த ஒரு ஆர்டரில் மற்ற ஐந்தின் லாபமும் போகும்.

ஒரு டாலருக்குக் கீழே உள்ளவற்றுக்கு வேறு இடம் பாருங்கள். ஸ்போர்ட்லாட்ஸ் தளத்தில் செட் பட்டியலை (ஒரு வரிசையில் வெளிவந்த எல்லாக் கார்டுகளின் பட்டியலை) திறந்து, எந்த எண் கார்டு எத்தனை இருக்கிறது என்று நிரப்பினால் போதும், படம் எடுக்கும் வேலை மிச்சம். செட்டில் குறையும் கார்டுகளைத் தேடுபவர்கள் அங்கேதான் சுற்றுகிறார்கள். காம்ஸி (COMC) நிறுவனத்துக்குப் பெட்டியாக அனுப்பினால் அவர்களே ஸ்கேன் செய்து விற்றுத் தருவார்கள். ஆனால் கார்டுக்குக் கார்டு நுழைவுக் கட்டணம் உண்டு, மலிவுச் சரக்கு தாங்காது. டாப்ஸ் நிறுவனத்தின் 1987 செட் போல மலைமலையாக அச்சடித்த காலத்துச் சாதாரணக் கார்டுகளை அணி வாரியாகவோ நூறு நூறாகவோ கட்டி விற்பதுதான் சரி. பிரிக்குமுன் எண் 320, பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸின் ரூக்கி (அறிமுகக் காலக் கார்டு), இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வையுங்கள். அது தனியாகவே விலை போகும். நூறு கார்டு ஆறு அவுன்ஸைத் தாண்டும், ஆகவே பார்சல்தான். புத்தகங்களுக்கான மீடியா மெயில் மலிவாக இருக்கிறதே என்று அதில் அனுப்பாதீர்கள்; ஸ்போர்ட்ஸ் கார்டு அதற்குத் தகுதியில்லை, அஞ்சல்துறை பிரித்துப் பார்த்தால் மீதிக் கட்டணத்தை வாங்குபவரிடம் கேட்கும்.