வாள் சீட்டு வந்தால் பதறாதீர்கள்: ரைடர்–வெயிட் டாரட் கட்டோடு பல வருட அனுபவம்

குறி பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுக் கட்டுதான் டாரட். அதில் ரைடர்–வெயிட் என்ற கட்டு பல வருடமாக என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மொத்தம் 78 சீட்டு. அதில் ‘பெரிய அர்கானா’ என்கிற, எந்தப் பிரிவிலும் சேராத 22 சீட்டு போக மீதி 56-ம் கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நாலு பிரிவு, பிரிவுக்கு 14. புதிதாகப் பழகுகிறவர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் வாளைப் பார்த்துத்தான். அதனால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு வாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கட்டோடு வரும் குட்டிப் புத்தகத்தை நம்பினால் வாள் என்றாலே துக்கம், துரோகம், தோல்வி. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏஸ் முதல் பத்து வரை தரையில் வரிசையாகப் பரப்பி நிதானமாகப் பாருங்கள். மனித உடம்பில் வாள் இறங்கியிருப்பது பத்தாம் சீட்டில் மட்டும்தான். மூன்றில் வாள்கள் துளைத்திருப்பது ஒரு சிவப்பு இதயத்தை. ஆள் யாரும் இல்லை, பின்னால் மழை. மற்ற எட்டிலும் வாள் யாரையும் குத்தவில்லை.

எல்லாரும் பயப்படுகிற ஒன்பதையே எடுத்துக்கொள்வோம். நடுராத்திரியில் ஒருத்தி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வாளும் பின்னால் இருட்டில் கிடைமட்டமாக நிற்கின்றன. போர்வையில் ரோஜாப்பூவும் ராசிச் சின்னங்களும் கட்டம் கட்டமாக. அவளுக்கு எதுவும் நடந்துவிடவில்லை, தூக்கம்தான் போயிருக்கிறது. எனக்கு இந்தச் சீட்டு வந்தால் ‘கெட்ட செய்தி வரும்’ என்று படிப்பதில்லை. எதை நினைத்துப் புரண்டுகொண்டிருக்கிறேன் என்று நோட்டில் எழுதிவிடுவேன்.

இதற்கு அடிப்படை இருக்கிறது. கட்டை உருவாக்கிய வெயிட்டும் அதற்குப் படம் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தும் கோல்டன் டான் என்ற லண்டன் ரகசியச் சங்கத்தில் இருந்தவர்கள். அந்த மரபில் வாளுக்கு உரியது காற்று. அதாவது எண்ணம், பேச்சு, முடிவெடுத்தல். வாள் சீட்டுகளில் மேகங்கள் அடிக்கடி வருவதையும், குதிரைவீரன் சீட்டில் மரங்கள் காற்றில் வளைவதையும் கவனித்தால் இது பிடிபடும். பணத்தைப் பற்றிக் கேட்டு நாணயம் ஒன்றுகூட விழாமல் வாளாக விழுந்தால், விஷயம் பணமில்லை, யாரிடமோ சொல்லாமல் வைத்திருக்கும் பேச்சு என்றுதான் படிப்பேன்.

வேலையை விடலாமா என்று குழம்பிய தோழிக்கு எட்டு வந்தது. கண்ணைக் கட்டி, உடம்பைச் சுற்றித் துணி இறுக்கிய பெண், பின்னால் வாள் வேலி. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காலில் கட்டே இல்லையே” என்றாள். அப்புறம் அந்தச் சீட்டுக்கு நான் விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

படம் இப்படிப் பேசுவதற்கு ஸ்மித்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கட்டு வெளிவந்தது 1909-ல். 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகத் தொடங்கியது டாரட். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் ஏழு வாள் என்றால் ஏழு வாளை அலங்காரமாக அடுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். காட்சி வரைந்த பழைய கட்டு சோலா புஸ்கா. அதன் நிழற்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. அதிலும் மூன்று வாள் இதயத்தைத் துளைக்கிறது. ஸ்மித் பார்த்திருப்பார் என்பது பரவலான கருத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

குறைகளும் உண்டு. நீளவாக்கில் பெரிய சீட்டு என்பதால் சின்னக் கைக்குக் கலைப்பது சிரமம். ஓரம் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது. ராஜா, ராணி சீட்டுகளில் காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லாததால் அங்கே மட்டும் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வாள் ராணியை விதவை, துயரம் என்று போட்டிருப்பார்கள். எனக்கு அவள் மூஞ்சிக்கு நேரே உண்மையைச் சொல்கிற அத்தை மாதிரித்தான் படுகிறாள். ஆமாம், இல்லை என்று பட்டென்று பதில் வேண்டுபவர்களுக்கு இந்தப் பிரிவு எரிச்சல்தான் தரும். அவர்கள் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் போகலாம், செலவும் மிச்சம்.